மாற்றித் தருகிறோம் என்று சொன்ன பிறகு நடந்தவை

இருட்டுத்திரை:

வாரன்டி முடிய 19 நாள் இருந்தபோது எங்கள் டிவியின் கீழ்ப்பாதி இருண்டுபோனது. சத்தம் ஒழுங்காக வருகிறது. மேல்பாதியில் படமும் தெரிகிறது. செய்தி வாசிக்கிறவருக்குக் கழுத்து வரைதான் உடம்பு.

கடைக்குப் போன் போட்டேன். "ஏழு நாளுக்குள்ளன்னா நாங்களே மாத்திக் கொடுத்திருப்போம் சார், இனிமே கம்பெனியிலதான் கேக்கணும்" என்றார்கள். கம்பெனி எண்ணில் கேட்டால், விற்ற கடை மூலமாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். இரண்டு நாள் நன்றாகப் பந்தாடினார்கள். மூன்றாம் நாள் நானே பிடிவாதமாக நின்று புகார் எண் ஒன்றை வாங்கி, பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைத்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். இருண்ட பகுதிக்குள் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது! "பேனல் உயிரோட இருக்கு சார், பின்னாடி எல்இடி பட்டைதான் போச்சு. வரிசையா கோத்திருக்கும், ஒண்ணு அறுந்தா அந்த வரிசையே அணைஞ்சிடும்" என்றார். சரி, விஷயம் தெளிவாகிவிட்டது என்று நிம்மதியானேன். போகும்போது ஜாப் ஷீட்டின் அடியில் 'டிவி ஃபிரேமின் மூலையில் கீறல்' என்று எழுதினார். எதற்கு என்றேன். "சும்மா குறிப்புக்குத்தான்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து மெயில். வெளிப்புறச் சேதம், வாரன்டி பொருந்தாது.

கீறலுக்கும் பட்டை அணைந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் சம்பந்தம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நானாகிவிட்டேன். டிவியைச் சுவரில் மாட்டிய அன்று என் மகன் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று அகப்பட்டது. அவன் காதுக்குப் பக்கத்தில் அதே மூலை, அதே கீறல். மாட்ட வந்தவரின் திருகாணி கிழித்தது. கீறல் விழுந்த பிறகும் 11 மாதம் டிவி ஓடியிருக்கிறது, போட்டோவில் தேதியும் இருக்கிறது. அதை அனுப்பியதும் மறுப்பு வாபஸ் ஆனது. அப்புறம் பட்டை ஸ்டாக் இல்லை என்று ஐந்து வாரம் போனது. நடுவில் வாரன்டி முடிந்துவிட்டதே என்று ஆரம்பித்தார்கள். பில்லின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாடல் உற்பத்தியில் இல்லையாம், 'அதற்கு இணையான' மாடல் தருவார்களாம். பெயர் அதேதான், மாடல் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு. தேடிப் பார்த்தால் என்னுடையது 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் புதுப்பிக்கும், இது 60. என்னுடையதில் ஹெச்டிஎம்ஐ துளை நான்கு, இதில் இரண்டு. அளவு ஒன்றாக இருந்தால் இணை ஆகிவிடுமா? அதற்கு மேல், புது டிவிக்கு வாரன்டி அந்த மீதி 19 நாள்தானாம். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் எப்படித் தாண்டினீர்கள் என்று சொல்லுங்கள்.

பழையமெக்கானிக்:

16 வருடம் சர்வீஸில் இருந்துவிட்டு வெளியே வந்தவன். நீங்கள் கையெழுத்துப் போட்ட இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். அந்தப் பையன்மேல் கோபப்படாதீர்கள். அவர் எழுதாமல் விட்டு, பிறகு சோதிக்க வந்தவர் கீறலைப் பார்த்தால், போட்ட உதிரிபாகத்தின் காசு அவர் தலையில் விடியும். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுவோம். எழுதியதை அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு உங்கள் டிவி தெரியாது, தாள்தான் தெரியும். 'கீறல்' என்ற சொல் கண்ணில் பட்டால் மறுப்பு என்ற பெட்டியில் டிக் போடுவது அவருக்குச் சுலபம்.

கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: 'கீறல் மாட்டியபோதே இருந்தது, பழுதுக்கு இது காரணமல்ல.' எழுதக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் வேலையில் இருந்தபோது அப்படி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, வந்து வந்து போகிற கோளாறு. நாங்கள் போய் நிற்கும்போது சாமான் சமர்த்தாக ஓடும். 'பழுது காணப்படவில்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். நான் போன ஒரு வீட்டில் சவுண்ட்பார் ஒரு மணி நேரம் ஓடினால்தான் அணையும். எனக்கு ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் 'பழுது இல்லை'. நாலாவது தடவை அந்த அம்மா நான் வருவதற்கு முன்பே ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டிருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அணைந்தது. "உள்ள வாங்க, செத்துடுச்சு" என்றார். திறந்து பார்த்தால் பவர் போர்டில் ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. சூடானால்தான் மக்கர் பண்ணும் வகை.

ஒவ்வொரு தடவையும் புகாரை ஒரே வார்த்தையில் பதியுங்கள். முதல் தடவை 'சத்தம் இல்லை', அடுத்த தடவை 'ஆன் ஆகவில்லை', அப்புறம் 'ரிமோட் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் கணினியில் மூன்று வெவ்வேறு பழுது ஆகிவிடும். நான் இருந்த இடத்தில் ஒரே பழுது மூன்று முறை திரும்பினால்தான் மாற்றித் தரும் கோரிக்கை மேலே போகும்.

வோல்டேஜ் ஏறி அடித்தது என்று சொல்லி மறுத்தால், போர்டின் போட்டோ கேளுங்கள். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் வேரிஸ்டர் என்று நாணயம் மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். மிகை மின்சாரம் வந்தால் பெரும்பாலும் அது கருகும், பக்கத்து ஃபியூஸ் போகும். இரண்டும் பளிச்சென்று இருந்தால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.

ஈரத்துணி:

என் கதை சின்னது. வாஷிங் மெஷின் மூடியில் பெரிய ஸ்டிக்கர்: '10 வருட வாரன்டி'. இரண்டரை வருடத்தில் டிரம் சுற்றுவதை நிறுத்தியது. வந்தவர் பார்த்துவிட்டு கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்றார். பத்து வருடம் மோட்டாருக்கு மட்டும். போர்டுக்கு இரண்டு வருடம். "மோட்டார் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அது சூப்பரா இருக்கு மேடம்" என்றார்.

மோட்டாரே போயிருந்தாலும் உதிரிபாகம்தான் இலவசம், ஆள் கூலி தனி என்று கார்டின் உள்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கிறது. கடையில் இதைக் கேட்டபோது ஸ்டிக்கரைத் தாங்கள் ஒட்டவில்லை என்றார்கள். வாங்கிய அன்று அந்த ஸ்டிக்கரைத் தட்டித் தட்டிக் காட்டித்தான் விற்றார்கள்.

நாலுபுள்ளி:

கம்ப்யூட்டர் மானிட்டர். பெட்டியைப் பிரித்த அன்றே கறுப்புப் பின்னணியில் மூன்று புள்ளிகள் வெள்ளையாக மின்னின. ஒரு வாரத்தில் நாலாவது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் நாயகி முகத்தில் மூக்குத்தி மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

மாற்றித் தர மாட்டோம், இது 'ஏற்கத்தக்க அளவு' என்றார்கள். யார் ஏற்றுக்கொண்டது என்று தேடினேன். ஐஎஸ்ஓ 13406-2 என்று 2001ல் ஒரு தரநிலை வந்திருக்கிறது. அதில் இரண்டாம் வகுப்புத் திரை என்றால், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எப்போதும் அணைந்த புள்ளி இரண்டு, துணைப்புள்ளிக் குறை (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளில் ஒன்று கெடுவது) ஐந்து வரை இருக்கலாம். 1920 பெருக்கல் 1080 போட்டால் கிட்டத்தட்ட 20.7 லட்சம். ஆக நாலு புள்ளி எரிந்தாலும் என் மானிட்டர் பாஸ். அந்தத் தரநிலை போய் 2008ல் 9241-307 வந்துவிட்டது, அதிலும் வகுப்பு வாரியாக இப்படி அனுமதி உண்டு. எந்த வகுப்பு என்று பெட்டியில் போட்டிருக்கவில்லை. பார்த்தால் மட்டும் தெரிகிற குறையைக் கணக்குப் போட்டு இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்.

கடைசியில் தரநிலையை விட்டுவிட்டேன். இணையத்தில் வாங்கியதால் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று விற்றவர் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எட்டாம் நாள் திருப்பிவிட்டு வேறு வாங்கினேன். பழுது என்று நிரூபிக்கப் போராடியதில் அந்த எட்டு நாளில் ஆறு வீண்.

கவுன்டர்க்காரன்:

எல்லோரும் கடையைத் திட்டுவதால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் ஒருவனும் பேசட்டும். ஏழு வருடம் நின்றேன், இப்போது இல்லை.

கடை மாற்றிக் கொடுத்தால் அந்தப் பழுதான சாமான் எங்கள் கிடங்கில்தான் உட்காரும். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் போட்டால்தான் கடைக்குப் பணம். டெக்னீஷியனின் சான்று இல்லாமல் கம்பெனி எடுக்காது. அதனால்தான் 'கம்பெனியில் கேளுங்கள்' என்பது எங்கள் வாயில் பழகிப்போனது. அது சரி என்று சொல்லவில்லை. பணம் வாங்கியது நாங்கள், பில் போட்டது நாங்கள். ஆனால் முதலாளி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வாக்கியம் அதுதான்.

வாடிக்கையாளர் எல்லோரும் அரிச்சந்திரன் என்றும் சொல்ல முடியாது. புது ஸ்பீக்கர் வாங்கிப்போய், அதே பெட்டியில் பழைய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். பெட்டியின் சீரியல் எண்ணும் உள்ளே இருந்ததன் எண்ணும் வேறு. வலையில் தூசி வேறு. அன்றிலிருந்து, நியாயமாக வந்தவரிடமும் எண்ணைச் சரிபார்த்தோம், அவர்கள் அவமானமாக நினைத்தார்கள்.

ஒருமுறை ஒரு பெரியவர் டிவியில் படம் விட்டுவிட்டு வருகிறது என்று நாலு தடவை வந்தார். "மாத்திக் கொடு, இல்லன்னா இங்கேயே உக்காந்துடுவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலாவது தடவை நானே வீட்டுக்குப் போனேன். ஹெச்டிஎம்ஐ கேபிள் அலமாரிக் கதவில் நசுங்கியிருந்தது. வேறு கேபிள் போட்டேன், சரியாகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, மோர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் தடவையே யாராவது போயிருந்தால் அவரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இருட்டுத்திரை சார், இணை மாடல் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். போனில் பேசாதீர்கள். இரண்டு மாடலின் விவரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெயில் போடுங்கள். எந்தெந்த அம்சம் குறைகிறது என்று வரிசையாக எழுதி, 'இதை இணை என்று நீங்கள் எழுத்தில் உறுதி செய்யுங்கள்' என்று கேளுங்கள். அந்த உறுதியில் கையெழுத்துப் போட ஒரு ஆளும் முன்வர மாட்டார்.

பிரிவுஎண்:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. வாரன்டி கார்டு என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்கு மேலே பல நாடுகளில் சட்டம் தருகிற உரிமை தனியாக இருக்கிறது, கார்டு முடிந்தாலும் அது முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொறுப்பு விற்றவருக்கு, குறைந்தது இரண்டு வருடம். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, முதல் ஒரு வருடத்தில் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவர் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனின் 2015 சட்டத்தில் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் பழுது பெரிது என்றால் பணமா மாற்றா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். இந்தியாவின் 2019 சட்டத்தில் வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரன்டி செல்லாது' என்று திருகாணிமேல் ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி நிபந்தனைகளுக்காக அமெரிக்க வணிக ஆணையம் 2018ல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்களின் வாரன்டிச் சட்டம் 1975லிருந்தே இருக்கிறது. ஸ்டிக்கரும் இருக்கிறது.

கடையில் சட்டத்தின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டால் வேலைக்கு ஆகாது, என் அனுபவம் அதுதான். கடிதத்தில் இரண்டாவது பத்தியில் ஒரு வரியாக, அலட்டாமல் எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

ஈரத்துணி:

பிரிவுஎண் சொன்னதைப் படித்ததும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைக்கலாம் என்று போனேன். வீட்டுக்காரர் போன மாதமே, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சுரண்டி எடுத்துவிட்டாராம்.

இருட்டுத்திரை:

கவுன்டர்க்காரன் சொன்னபடி மெயில் போட்டேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் வேறு ஒரு மாடல் எண்ணோடு வந்தது. 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஎம்ஐ நான்கு. 'இணை' என்ற சொல்லை அந்த மெயிலில் எங்கேயும் காணோம். வாரன்டி மட்டும் அதே 19 நாள், அதில் இறங்கி வரவில்லை. பிரிவுஎண் சொன்ன மாதிரி இரண்டாவது பத்தியில் ஒரு வரி சேர்த்து இன்று காலை இன்னொரு மெயில் அனுப்பியிருக்கிறேன்.

டிவி நேற்று வந்தது. மாட்ட வந்தவர் திருகாணியைக் கையில் எடுத்ததும், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நாலு மூலையையும் போட்டோ எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்றார். ஐந்தாவது போட்டோவில் அவரும் விழுந்திருக்கிறார், திருகாணியோடு.