சாய்தளம் போட்டாயிற்று என்றால் சட்டக் கடமை முடிந்ததா?

கேள்வி (நிலவன்):
வாசலில் சாய்தளம், லிஃப்டில் பிரெய்ல் பொத்தான் எல்லாம் வைத்திருக்கிறோம், பார்வையற்ற பணியாளர் கேட்கும் திரைவாசிப்பு வசதியை (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்வது)த் தனியாகச் செய்துதர வேண்டியதில்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது சட்டப்படி நிற்குமா?

மதி:
நிற்பது கடினம். இரண்டு கடமைகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். சாய்தளம், யார் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே இருக்க வேண்டியது. குறிப்பிட்ட ஒருவர் ‘எனக்கு இது தேவை’ என்று கேட்டதும் பிறப்பது வேறு கடமை. ரீசனபிள் அக்கமடேஷன், அதாவது அவருக்கேற்ற நியாயமான வசதி, என்பார்கள். அதை மறுப்பதே பாகுபாடு என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய 2006-இன் ஐ.நா. உடன்படிக்கை, பிரிவு 2. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் பாகுபாட்டை அப்படித்தான் வரையறுக்கிறது. தாங்க முடியாத சுமை என்று மறுக்கலாம்தான், ஆனால் அதைக் காட்ட வேண்டியது நிறுவனம். வெறுமனே ‘செலவாகும்’ என்றால் போதாது.

கயல்:
கோரிக்கை பெரும்பாலும் சறுக்குவது கடிதத்தில்தான். ‘மென்பொருள் வேண்டும்’ என்று எழுதினால் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடுவார்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சிக்கல் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் இருக்கும். பொத்தான்களுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால் திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். எந்தத் திரை, எந்த வேலை, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். திரைவாசிப்பானுக்கு வெறும் படமாகிவிடும் ஸ்கேன் செய்த பில் என்றால், எழுத்தாகத் தேர்வு செய்ய முடிகிற பிடிஎஃப் கேளுங்கள். தேதி போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்மொழி மறுப்பை நிரூபிக்க முடியாது.

கெடுவையும் கவனியுங்கள். அமெரிக்காவில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுப் புகாருக்கு 180 நாள், அத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அமைப்பும் இருக்கும் இடங்களில் 300. மேலாளரோடு பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

நிலவன்:
குறைபாடு 40% என்ற சான்றிதழ் இல்லாதவர் இந்த வசதியைக் கேட்கலாமா?

மதி:
தாராளமாக. இந்தியாவில் 40% என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான வரம்பு. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள தேர்வர், 40% வரம்புக்குள் வராவிட்டாலும், தான் சொல்லச் சொல்ல விடை எழுதித்தரும் ஒருவரின் உதவியைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

அரசு:
அந்தச் சாய்தளத்தையும் ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 1:12 சரிவு என்றால் 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லை என்று 90-இல் முடித்திருந்தால் சக்கர நாற்காலி ஏறும்போது முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கம் சாயும். அதைக் காட்டி ‘போட்டாயிற்று’ என்றால் முதல் கடமையும் பாக்கி.