டியூ டிலிஜென்ஸ்: ‘உரிய விடாமுயற்சி’க்கு மாற்றாக ‘தீங்குவிழிப்பு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வணிகமும் மனித உரிமையும் பற்றிய சட்டங்களில் வரும் டியூ டிலிஜென்ஸ் (தன் தொழிலால் பிறருக்குத் தீங்கு நேராதபடி ஒரு நிறுவனம் தொடர்ந்து பார்த்துக்கொள்வது) என்பதற்கு இந்த இழையில் உரிய விடாமுயற்சி, உரிய கவனம், முன்னாய்வு ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாகத் ‘தீங்குவிழிப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு வெளிநாட்டுக் கொள்முதலாளர் அனுப்பியிருந்த வினாத்தாளின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ‘மனித உரிமைகள் தொடர்பாக உரிய விடாமுயற்சி மேற்கொள்ளப்படுகிறதா?’ என்று அதில் அச்சிட்டிருந்தது. தையல் பிரிவு மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “சொன்ன தேதிக்குச் சரக்கு போகணும்னு ராத்திரி ஷிப்ட் போட்டு முடிக்கிறோமே, அதைத்தானுங்க கேக்குறாங்க?” என்று கேட்டு, ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டார். தொழிலாளரை அளவுக்கு மீறி வேலை வாங்குவதைத் தடுக்க எழுதப்பட்ட கேள்விக்கு, அந்த வேலையே சான்றாகிவிட்டது. அவர் மீது தவறில்லை. சொல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

முன்னாய்வு என்பது நல்ல சொல்தான், ஆனால் அது வேறொரு செயலுக்கு உரியது. நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம். ஒரு நிறுவனத்தை வாங்குபவர் அதன் கடன்களையும் வழக்குகளையும் துருவிப் பார்க்கிறார். இரண்டிலும் அஞ்சப்படுவது வாங்குபவருக்கு வரும் இழப்பு, வாங்கி முடித்ததும் ஆய்வும் முடிந்துவிடும். வணிகமும் மனித உரிமையும் குறித்த ஐ.நா. சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜான் ரக்கி வகுத்து, ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2011 ஜூனில் ஏற்ற 31 வழிகாட்டு நெறிகளில் பொருள் தலைகீழாகிறது. அங்கே அஞ்சப்படுவது நிறுவனத்தால் மற்றவருக்கு வரும் தீங்கு. 17ஆம் நெறி அந்தத் தீங்கைக் கண்டறியவும், கண்டதற்கேற்பச் செயல்படவும், பலனைத் தொடர்ந்து கவனிக்கவும், செய்ததை வெளியே சொல்லவும் கேட்கிறது. தொழில் நடக்கும் வரை இது நடக்க வேண்டும் என்பதால் ‘ஆய்வு’ இதற்குப் போதாது.

‘உரிய கவனம்’ பொருளளவில் அருகில் வருகிறது. ஆனால் எதன் மீது கவனம் என்பதை அது சொல்வதில்லை, ஏற்றுமதியாளர் தரத்தின் மீதும் கவனமாகத்தான் இருக்கிறார்.

சுற்றுச்சூழலையும் அணைக்கும் சொல் வேண்டும் என்பதற்குத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறே போதிய காரணம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீர் பயிருக்கு ஆகாமல் போனபோது கெட்டது ஆறு மட்டுமன்று, கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறும் உணவும் பிழைப்பும்தான். அவர்கள் தொடுத்த வழக்கின் வழியே 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆலைக்குள் காலெடுத்து வைக்காத அந்த உழவரும் இத்தகைய சட்டங்களின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2023 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் (நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரிடம் நடப்பதையும் கவனிக்கக் கோருவது) அதைச் செய்கிறது; மக்களின் குடிநீரையோ உணவு உற்பத்தியையோ கெடுக்கும் அளவுக்கு நீரையும் மண்ணையும் மாசுபடுத்துவதை அது மனித உரிமை மீறலாகவே கொள்கிறது. ஆகவே சூழலுக்கு ஒரு சொல், உரிமைக்கு ஒரு சொல் என்று பிரிக்க வேண்டியதில்லை. தீங்கு என்ற சொல் ஆற்றுக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும்.

விழிப்பு என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. பிரான்ஸ் 2017இல் இயற்றிய சட்டத்தில் பெருநிறுவனங்கள் மீது சுமத்திய கடமைக்கு விழிப்பு என்றே பொருள்தரும் பெயரை வைத்தது. நம் வழக்கிலும் விழிப்பு என்பது வரப்பில் இரவெல்லாம் காவலிருப்பவரின் செயல். ஒருமுறை பார்த்துவிட்டு வீடு திரும்புவதன்று.

‘உரிய’ என்று பொருள்படும் ‘டியூ’ எங்கே போயிற்று என்று கேட்கலாம். தீங்கின் கடுமைக்கேற்ற அளவு என்பதே அதன் கருத்து. தேவையான இடத்தில் ‘தக்க’ என்று சேர்த்துக்கொள்ளலாம். கடமை சட்டப்படியானது என்றால் தீங்குவிழிப்புக் கடமை என்று எழுதலாம்.

எனக்கே உறுத்தும் குறை ஒன்று உண்டு. விழிப்பு என்றதும் விழிப்புணர்வு முகாமும் சுவரொட்டியும் நினைவுக்கு வந்து, ஒருநாள் கூட்டம் நடத்தினால் போதும் என்று யாரேனும் எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் வினாத்தாளின் அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: ‘உங்கள் தொழிலால் தொழிலாளருக்கோ சுற்றியுள்ளோருக்கோ தீங்கு நேராதபடி தொடர்ந்து தீங்குவிழிப்பு மேற்கொள்கிறீர்களா? சென்ற ஆண்டு கண்ட தீங்குகள் எவை, என்ன செய்தீர்கள்?’ ஆலைப் பணியில் உள்ள குழும நண்பர்கள் இந்த வரியை வேலைத்தளத்தில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் என்ன புரிந்துகொள்கிறார் என்று எழுத வேண்டுகிறேன்.