மறு: ‘நிபந்தனை ஏற்றம்’ வேண்டாம், ‘இடமறி ஏற்றம்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

வலைத்தளத்தின் வார்ப்புருவில் (template, பல பக்கங்களுக்குப் பொதுவான அச்சு) குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டும் சிறுநிரலை (script) ஏற்றுவதற்கு என்ன சொல் வைப்பது என்று தொடங்கிய இந்த இழையில், ‘நிபந்தனை ஏற்றம்’ என்பதற்கே ஆதரவு கூடிக்கொண்டு வருகிறது. அதை முடிவு செய்யும் முன் என் மறுப்பையும் ஒரு மாற்றுச் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். சிறுநிரல் என்பது நாம் முன்பே பேசி ஒத்துக்கொண்ட சொல், அதைத் தொடவில்லை.

> நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்த சொல், குழப்பம் வராது

எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் குழப்பம் வரும் என்கிறேன். நிபந்தனை என்றதும் கடன் பத்திரமும் ஒப்பந்தமும் நிபந்தனை ஜாமீனும்தான் நினைவுக்கு வருகின்றன. அதன் பக்கத்தில் ‘ஏற்று’ என்ற வினையை வைத்துப் பாருங்கள். ஒரு அமைப்புப் பக்கத்தில் ‘நிபந்தனை ஏற்று’ என்று பொத்தான் இருந்தால், நிபந்தனைக்குச் சம்மதம் தருகிற பொத்தான் என்றுதான் நானே படிப்பேன். ஏறு என்பதன் பிறவினையும் ஏற்று, ஏற்றுக்கொள்வதில் வருகிற வினையெச்சமும் ஏற்று. தனியாக நின்றால் தொல்லையில்லை, பதிவேற்று என்று நன்றாகவே பழகிவிட்டோம். நிபந்தனையோடு சேரும்போதுதான் பொருள் புரண்டுபோகிறது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். இந்த வேலையில் எப்போதும் ‘இப்படி இருந்தால்’ என்ற சோதனை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம், அப்படியில்லை. ஜெக்கில் என்ற தளம் கட்டும் கருவியில் ஒரு பதிவின் தலைக்குறிப்பில் (கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அமைப்பு வரிகள்) கணிதம் வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்கிறோம், தளவமைப்பு அதைப் பார்த்து சமன்பாடுகளைக் காட்டும் மேத்ஜாக்ஸ் சிறுநிரலை அந்தப் பக்கத்தில் மட்டும் சேர்க்கிறது. சரி, இங்கே சோதனை உண்டு. ஆனால் ஜாங்கோ என்ற பைதான் வலைச் சட்டகத்தில் அடிப்படை வார்ப்புரு ஒரு வெற்றுத் தொகுதியை விட்டு வைக்கிறது, அதிலிருந்து கிளைக்கிற வார்ப்புரு தனக்கு வேண்டிய சிறுநிரலை அங்கே நிரப்பிக்கொள்கிறது, எந்த இடத்திலும் ‘இருந்தால்’ ‘இல்லையேல்’ கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு அதற்கு வேண்டியதை மட்டும் ஏற்றுவது. பெயர் அதைச் சொல்ல வேண்டும்.

அதனால் ‘இடமறி ஏற்றம்’ என்று முன்மொழிகிறேன். வினையாக வேண்டும் என்றால் ‘இடமறிந்து ஏற்று’. முதலில் ‘பக்கமறி ஏற்றம்’ என்றுதான் யோசித்தேன். ஆனால் சில சமயம் முடிவு பக்கத்தை வைத்து இருக்காது, உள்நுழைந்த பயனரா இல்லையா என்பதை வைத்தும் இருக்கும். இடம் என்ற சொல் அதற்கும் போதும், இடம் பொருள் ஏவல் என்கிறபோது நாம் ஊரையும் தெருவையுமா சொல்கிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. திருக்குறளில் 49ஆவது அதிகாரம் காலமறிதல், 50ஆவது இடனறிதல். நமக்கு இரண்டு சொற்களுமே தேவைப்படுகின்றன! சென்ற மாதம் ‘சோம்பல் ஏற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தாரே, படங்களைப் பயனர் அந்த இடத்தை நெருங்கி உருட்டி வந்த பிறகு ஏற்றுவது (தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில், 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து படங்களுக்குத் தானாகவே நடக்கிறது), அதில் சோம்பல் எங்கே இருக்கிறது? வேண்டிய நேரம் வரும் வரை காத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் ‘காலமறி ஏற்றம்’ என்று சொல்லிவிடலாம். இடமறி ஏற்றத்தில் வார்ப்புரு முடிவு செய்கிறது, வேண்டாத பக்கத்தில் அந்தச் சிறுநிரலைச் சேர்க்கும் குறியொட்டே (tag) இருக்காது. காலமறி ஏற்றத்தில் குறியொட்டு இருக்கும், எப்போது எடுப்பது என்று உலாவி முடிவு செய்யும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற புதியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள் கையில் இருந்தால் வகுப்பில் சொல்லித்தருவது எளிது.

> மூலத்திலேயே நிபந்தனைக் குறிகள் என்றுதானே இருக்கிறது

இருக்கிறது, வேர்ட்பிரஸில் பக்கமா, முகப்பா, தனிப்பதிவா என்று கேட்கும் செயற்கூறுகளுக்கு (functions) அப்படித்தான் பெயர். ஆனால் அவற்றை வைத்துப் புதியவர்கள் செய்கிற முதல் தவறு என்ன? தளத் தோற்றத்தோடு (theme) வரும் ஃபங்ஷன்ஸ் கோப்பில் நேரடியாக ‘இது தொடர்புப் பக்கமா’ என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கோப்பு ஓடுகிற நேரத்தில் முதன்மை வினவல் (கேட்ட பக்கத்தைத் தரவுத்தளத்தில் தேடுவது) இன்னும் நடந்திருக்காது, எந்தப் பக்கம் என்று வேர்ட்பிரஸுக்கே தெரியாது, எனவே எப்போதும் ‘இல்லை’ என்றே பதில் வரும். நானும் ஒரு பள்ளியின் தளத்தில், தொடர்புப் பக்கத்துக்கு மட்டும் வேண்டிய வரைபடச் சிறுநிரலுக்காக இதே தவறைச் செய்து ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன், அதில் பிழையே இல்லை. சிறுநிரல்களை வரிசையில் சேர்ப்பதற்கென்று இருக்கிற கொக்கியில் (hook, குறித்த கட்டத்தில் நம் நிரலை ஓட வைக்கும் இடம்) அதே வரியை மாட்டியதும் வேலை செய்தது, ஏனென்றால் அதற்குள் இடம் தெரிந்துவிடுகிறது. ‘இடமறிந்து ஏற்று’ என்ற சொல் அன்றைக்கு மனத்தில் இருந்திருந்தால் இடம் எப்போது தெரிய வருகிறது என்றுதான் முதலில் தேடியிருப்பேன்.

‘வேண்டுழி ஏற்றம்’ என்று அக்கா ஒருவர் எழுதியது கேட்க அழகாக இருக்கிறது, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் உழி என்பது இடத்தைக் குறிக்கும் என்று கல்லூரி மாணவருக்கு விளக்கிவிட்டுத்தான் ஏற்றத்தை விளக்க வேண்டியிருக்கும். இடனறி என்று னகரத்தோடு எழுதலாமா என்ற கேள்விக்கும் அதே பதில்தான், பேச்சில் இருக்கிற இடமே போதும்.

சிறுநிரலைத் தள்ளி இயக்குவதை இதில் சேர்க்காதீர்கள். அது இயக்கம் பற்றியது, ஏற்றம் பற்றியது இல்லை, ‘ஒத்திவைத்து இயக்கு’ என்று தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

எழுதிப் பார்த்த வரிகள் சில: ‘இந்தச் செருகுநிரல் தன் சிறுநிரல்களை இடமறிந்து ஏற்றுவதில்லை.’ ‘இடமறி ஏற்றத்தை முடக்கினால் எல்லாப் பக்கங்களிலும் ஏற்றப்படும்.’ ‘படங்களுக்குக் காலமறி ஏற்றம் வேண்டுமா?’ உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் இவை எங்காவது இடறினால் அந்த வரியையே இங்கே ஒட்டுங்கள், அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்