தூத்துக்குடி – திப்ருகர் விமானம்: தளத்துக்குத் தளம் தூரமும் நேரமும் மாறுகிறதே?

நங்கநல்லூர்வாசி:
அக்கா அசாமில் துலியாஜானில் இருக்கிறாள், அத்தானுக்கு அங்கே எண்ணெய்க் கம்பெனி வேலை. டிசம்பரில் பிரசவம். அப்பா அம்மா தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிறார்கள், டிக்கெட் போடுவது சென்னையில் இருக்கும் என் பொறுப்பு. வாகைக்குளம் (தூத்துக்குடி விமான நிலையம்) – மோகன்பாரி (திப்ருகர் விமான நிலையம், அக்கா ஊருக்குப் பக்கம்) தூரம் ஒரு இணையதளத்தில் 2,745, இன்னொன்றில் 1,706, மூன்றாவதில் 1,482. பறக்கும் நேரம் நாலு மணிக்குள் என்கிறார்கள். டிக்கெட் தளத்திலோ பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து ஒன்றுமே இல்லை. எதை நம்புவது? அப்பாவுக்கு மூட்டுவலி வேறு.

பல்லாவரம் ரன்வே:
மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கி.மீ., அடுத்தது மைல், கடைசியது கடல் மைல் (ஒன்று 1.852 கி.மீ.).

அந்த நாலு மணி நேரம் வெறும் வகுத்தல் கணக்கு. ஜெட் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டு வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டுகிறார்கள். அந்த வழியில் நேரடி விமானம் ஓடுகிறதா என்று அந்தத் தளங்கள் பார்ப்பதே இல்லை. இங்கே ஓடவில்லை.

முத்துநகர் மாமா:
தம்பி, கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடு. ஒரே ரயில், மாறவே வேண்டாம்.

நங்கநல்லூர்வாசி:
4,189 கி.மீ. மாமா! மூட்டுவலிக்காரரை மூன்று நாளுக்கு மேல் ரயிலில் வைத்தால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

கிண்டி பயணி:
தூரத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். தூத்துக்குடி – சென்னை சுமார் 530 கி.மீ., சென்னை – கொல்கத்தா 1,385, கொல்கத்தா – திப்ருகர் 850. கூட்டினால் 2,765. நேர்க்கோட்டை விட இருபது கி.மீ.தான் கூடுதல், ஏனென்றால் சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கின்றன. டெல்லி சுற்றிப் போகிற டிக்கெட் மலிவாகக் காட்டும், எடுத்துவிடாதீர்கள். அது 4,000 கி.மீ.யைத் தாண்டும்.

பறக்கும் நேரம் என்று பார்த்தால் முதல் துண்டு ஏடிஆரில் ஒன்றரை மணி (விசிறி வைத்த சிறிய விமானம், ஜெட்டை விட மெதுவாகப் போகும்), அடுத்தது இரண்டே கால் சொச்சம், கடைசியில் இன்னொரு ஒன்றரை. ஐந்தரை மணிக்குள் முடிந்துவிடும். மீதியெல்லாம் நிலையத்தில் காத்திருப்பது. அதைத்தான் நீங்கள் குறைக்க வேண்டும்.

உங்கள் வீடு நங்கநல்லூர் என்கிறீர்கள், அப்புறம் என்ன? முதல் நாள் மாலை சென்னைக்கு வரவழைத்து, ராத்திரி வீட்டில் தூங்க வைத்து, காலையில் மீனம்பாக்கம் கூட்டிப்போங்கள்.

நங்கநல்லூர்வாசி:
இது நல்ல யோசனை. காலை எத்தனை மணி விமானம்? கொல்கத்தாவில் எவ்வளவு இடைவெளி விடலாம்?

கிண்டி பயணி:
சென்னையிலிருந்து திப்ருகர் வரை ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) போடுங்கள். பெட்டி நேராகப் போய்விடும், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் ஐந்நூறு ரூபாய் மிச்சமாகலாம், வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த மிச்சம் வேண்டாம். டிசம்பரில் கொல்கத்தாவில் காலைப் பனிமூட்டம் உண்டு, எனவே இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டிக்கெட் போடும்போதே அப்பாவுக்கு வீல்சேர் கேட்டுவிடுங்கள்.

பல்லாவரம் ரன்வே:
ஒன்றை விட்டுவிட்டோம். அசாமில் டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், அங்கேயும் நம் கடிகாரம்தான், கிழக்கே இருப்பதால் சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது. மோகன்பாரியிலிருந்து துலியாஜானுக்குச் சாலை வழி இன்னும் ஐம்பது கி.மீ. பக்கம் போக வேண்டும். மதியம் ஒரு மணிக்குள் இறங்குகிற மாதிரி பாருங்கள். திரும்பும்போது கொஞ்சம் நேரம் கூடும், குளிர்காலத்தில் மேல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்.

நங்கநல்லூர்வாசி:
சரி, காலை விமானமே போடுகிறேன். அத்தானிடம் வண்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். அம்மா கருப்பட்டியும் பிரசவ லேகியமும் கட்டி வைத்திருக்கிறாள், எடை பதினைந்து கிலோவுக்குள் நிற்குமா என்பதுதான் இப்போது பிரச்சினை.

முத்துநகர் மாமா:
லேகியத்தைக் கைப்பையில் வைக்காதே தம்பி, செக்யூரிட்டியில் மடக்கிவிடுவார்கள். பெட்டிக்குள் போடச் சொல்.