சிறுவர்களுக்கான இஸ்லாமியப் படக்கதைகள்: அச்சுறுத்தாமல் சொல்ல வழி உண்டா?

கேள்வி (கடலூர் முதுநகர்):
அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு ஏழு வயது. மாலையில் மக்தபுக்கு (குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் பள்ளிக்கு) சென்று ஓதுகிறாள். சென்ற மாதம் நான் வாங்கிக் கொடுத்த படக்கதை நூலில், பொய் சொன்ன சிறுவனைச் சுற்றி நெருப்பு எரிவதைப் பக்கம் முழுவதும் சிவப்பாக வரைந்திருந்தார்கள். அந்தப் பக்கம் திறந்துகொள்ளாதபடி அவள் அதற்குத் துணி கிளிப் மாட்டி வைத்திருக்கிறாள். அல்லாஹ்வின் மீது அச்சம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்புக்கு முன்பாக அச்சம் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று கவலையாக இருக்கிறது. இந்த வயதுக்கு எந்தக் கதைகள் பொருந்தும்?

பதில் 1 (பறங்கிப்பேட்டை, மக்தப் ஆசிரியர்):
வ அலைக்குமுஸ்ஸலாம். குர்ஆனில் ‘எறும்புகள்’ என்னும் 27ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், சகோதரி. சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பு, புற்றுக்குள் போய்விடுங்கள், அவர்கள் அறியாமலே உங்களை மிதித்துவிடக் கூடும் என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. ‘அறியாமலே’ என்ற அந்தச் சொல்லில் நான் எப்போதும் சற்று நிறுத்துவேன். மிதிபடப் போகும் எறும்புகூடப் பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நபி புன்னகைத்து, நன்றி செலுத்தும் மனத்தைத் தருமாறு இறைவனிடம் கேட்கிறார்.

இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ இருக்கிறது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் வரை நபிகள் நாயகம் (ஸல்) அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். அக்காப்பியத்துக்குக் கொடை அளித்தவர்களுள் ஒருவரான அபுல் காசிம் மரக்காயர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆயினும் இதைக் காப்பியக் கதை என்று சொல்லியே கற்பிக்கிறேன்; குர்ஆன் வரலாற்றோடு கலப்பதில்லை.

பதில் 2 (புதுச்சேரி, முல்லா வீதி):
நான் ஓவியம் வரைபவன். நபிமார்களை உருவமாக வரையக் கூடாது என்பதைப் பலர் தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நல்ல வாய்ப்பாகவே தெரிகிறது. எறும்புக் கதையை எறும்பின் கண்மட்டத்திலிருந்து வரைந்தால் புல்லின் தாள்கள் பனைமரங்களாக நிற்கும், தொலைவில் புழுதி எழும், அடுத்த பக்கத்தில் தூக்கிய குளம்பு ஒன்று அந்தரத்திலேயே நிற்கும். சுலைமான் நபி படத்தில் எங்கும் இல்லை, ஆனால் அவருடைய இரக்கம் அந்தக் குளம்பில் தெரிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ‘ஆகவே குழந்தைகளே’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டது!

பதில் 3 (நெல்லிக்குப்பம்):
சூஃபிகள் என்னும் இஸ்லாமிய ஞானியரின் கதைகளையும் மறக்க வேண்டாம். மௌலானா ரூமியின் மஸ்னவி என்னும் பாரசீகக் கவிதை நூலில் இருட்டறை யானை வருகிறது. நாம் பள்ளியில் படித்த கதையில் பார்வையற்றோர் யானையைத் தடவுவார்கள். ரூமியிடமோ கண்ணுள்ளவர்களே இருளில் தடவித் தூண் என்றும் விசிறி என்றும் சண்டையிடுகிறார்கள், ஆளுக்கொரு விளக்கு இருந்திருந்தால் சண்டையே இல்லை. கறுப்புப் பக்கங்களை வைத்து இதை எவ்வளவு அழகாகச் செய்யலாம்! பாரசீகக் கவிஞர் அத்தாரின் பறவைகள் கதை பத்து வயதுக்கு மேல் போதும். கொண்டலாத்தியின் தலைமையில் ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து முப்பது பறவைகள் தங்கள் அரசனான சீமுர்கைத் தேடிச் சேர்கின்றன. பாரசீகத்தில் ‘சீ முர்க்’ என்றாலே முப்பது பறவைகள்தான், தேடிய அரசன் அவையேதான்; அந்தச் சிலேடை தமிழில் எடுபடாது. குளத்து நீரில் முப்பது நிழல்கள் தெரிவதாக முல்லா வீதி நண்பர் வரைந்து தந்தால் ஒருவேளை எடுபடும்.

கேள்வி கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹு கைரன். எறும்புக் கதையை நேற்று இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பின் நூல் எதுவும் இல்லாமல் வாய்மொழியாகவே சொன்னேன். எறும்பின் பெயர் என்ன என்று கேட்டாள். குர்ஆனில் பெயர் சொல்லப்படவில்லை என்றேன். இன்று காலை சர்க்கரை டப்பாவைச் சுற்றி வரிசை கட்டியிருந்தவற்றைத் துடைக்கப் போனபோது, “இருங்கம்மா, அதுங்க வீட்டுக்குப் போகட்டும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையல் அரை மணி நேரம் தாமதமாயிற்று. நெருப்புப் பக்கத்தில் கிளிப் இன்னும் அப்படியே இருக்கிறது.