391 பேர் பதில் தந்தும் “இவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள்?” என்கிறார்கள்

மருதாணி கேட்டது:

வணக்கம். பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறேன், இரண்டாம் வருடம். எங்கள் மாவட்டக் கல்லூரி மாணவர்களின் கைபேசிப் பழக்கமும் தூக்கமும்தான் தலைப்பு. 384 பேர் போதும் என்றார் கைடு. கூகுள் ஃபார்ம் ஒன்று தயாரித்து, தெரிந்த ஆசிரியர்கள் மூலம் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். பத்தே நாளில் 391 பதில். சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் டி.சி. (ஆய்வைச் சரிபார்க்கும் டாக்டோரல் கமிட்டி) மீட்டிங். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: “இந்த 391 பேர் யாருக்காகப் பேசுகிறார்கள்?” மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களுக்காக என்றேன். “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்றார். பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், 391-இல் 260 பேர் நான் வேலை பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள்.

இன்னொன்று. வயது, ஊர், விடுதி, பாடப்பிரிவு என்று மாற்றி மாற்றி, இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை 40 போட்டேன். இரண்டில் மட்டும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது ‘தொடர்பு இருக்கிறது’ என்று வந்தது. அந்த இரண்டையும் கருதுகோளாக முதல் அத்தியாயத்தில் எழுதிவிடு என்கிறார் ஒரு சீனியர். எழுதலாமா? ஆய்வு முறையியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். புத்தகத்தில் படித்தபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது.

கரையோரம்77:

ரொம்பக் குழம்ப வேண்டாம். ‘வசதிக்கேற்ற மாதிரி எடுப்பு’ (கன்வீனியன்ஸ் சாம்பிளிங், கைக்குக் கிடைத்தவர்களைக் கேட்பது) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் அப்படித்தான். பயமாக இருந்தால் இன்னும் நாலு குழுவில் போட்டு ஆயிரமாக்கிவிடுங்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சுண்ணக்கட்டி:

ஆயிரமாக்கினால் சரியாகிவிடுமா? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களிலிருந்து எடுத்த முகவரிகள்தான் பெரும்பாலும். 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார்.

40 சோதனை விஷயத்துக்கு வருகிறேன். 0.05 என்று கோடு கிழித்தால், ஒரு தொடர்புமே இல்லாத இடத்திலும் நூற்றுக்கு ஐந்து முறை ‘இருக்கிறது’ என்று தற்செயலாகக் காட்டும். 40-ஐ 0.05-ஆல் பெருக்கிப் பாருங்கள். இரண்டு வரும். உங்களுக்கும் இரண்டுதான் வந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். அதைப் போய் முதல் அத்தியாயத்தில், முன்பே யோசித்து வைத்த மாதிரி எழுதுவது சரியில்லை. 40 போட்டேன், இரண்டில் வந்தது, புதிய ஆட்களிடம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். அதில் ஒரு கேவலமும் இல்லை.

போகிற போக்கில் ஒன்று. கைபேசியால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் கைபேசியை எடுத்தார்களா? இரண்டையும் ஒரே ஃபார்மில் ஒரே நாளில் கேட்டால் எது முந்தியது என்று தெரியாது. ‘பாதிப்பு’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வரப்புமேடு:

அம்மா, நான் பிஎச்.டி. படித்தவன் இல்லை. நெல் மகசூல் மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு 20 வருடத்துக்கு மேல் வயல் வயலாகப் போய் ஓய்வு பெற்றவன். உங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வி எனக்குப் பழக்கமானது.

முதலில் அந்த 384. 1.96-ஐ 1.96-ஆல் பெருக்கி, அதை 0.25-ஆல் பெருக்கி, 0.0025-ஆல் வகுத்தால் 384.16 வரும். 95 சதவீத நம்பிக்கை, ஐந்து சதவீதப் பிழை வரம்பு என்பதன் கணக்கு அது. (மேலே முழுதாக்கினால் 385 வர வேண்டும், அது இருக்கட்டும்.) பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் சம வாய்ப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். நீங்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குலுக்கலை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் வேலை எப்படி என்றால், அடங்கலிலிருந்து (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) சர்வே எண்ணைச் சமவாய்ப்பு எண் பட்டியல் வைத்து எடுப்போம். வயலுக்குப் போனால் நீளம் அகலம் அளந்து, கயிறு வரப்பைத் தாண்டாதபடி கழிக்க வேண்டியதைக் கழித்து, மறுபடி பட்டியலில் இரண்டு எண். தென்மேற்கு மூலையிலிருந்து அத்தனை தூரம் உள்ளே போய் முளை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டுவோம். கட்டத்துக்குள் இருப்பதை அறுத்து, கதிரடித்து, பதர் தூற்றி எடை போடுவோம். 25 சதுர மீட்டர் என்பதால் 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். அதாவது கட்டத்தில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும்.

ஒரு தடவை கட்டம் விழுந்த இடம் பள்ளம். தண்ணீர் நின்று பயிர் படுத்துக் கிடந்தது. மதியம் ஆகிவிட்டது, அறுக்க வந்த ஆட்கள் முணுமுணுத்தார்கள். நாலு எட்டு தள்ளிக் கயிற்றைப் போட்டேன். எடையில் பொய் இல்லை, கூட்டலில் தப்பில்லை. இடம் மட்டும் நான் பார்த்துப் பிடித்தது. அந்தப் படிவத்தை யார் வாங்கிப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நல்ல பயிர் பக்கம் கண் தானாகப் போகும். பயிர்க் காப்பீடு வந்த பிறகு இதற்கு நேர்மாறு: “சார், அந்தக் கருகின மூலையில அறுங்க” என்று விவசாயியே கையைப் பிடித்து இழுப்பார். இரண்டு பக்கத்துக்கும் பதில் அந்த எண் பட்டியல் ஒன்றுதான்.

கட்டத்தின் ஓரமும் அப்படித்தான். கயிற்றில் படும் நெற்குத்தை உள்ளே சேர்ப்பதா, வெளியே தள்ளுவதா? கை தன்னை அறியாமல் உள்ளேதான் சேர்க்கும். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள்: கட்டம் சிறிதாகச் சிறிதாக மகசூல் கூடுதலாகக் காட்டியது. ஒரு மீட்டர் கட்டத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாலு மீட்டர் ஓரம். எங்கள் கட்டத்துக்கு 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர்தான் ஓரம். வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிட்டபோது அவர் செய்த இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரியோடு அனுப்புவார். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தாலே வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

உங்களுக்கு வாட்ஸ்அப் குழுதான் அந்தப் பள்ளமில்லாத மூலை. ராத்திரி கைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைதான் அந்த ஃபார்மை முதலில் நிரப்பியிருக்கும். கைபேசிப் பழக்கத்தைக் கைபேசி வழியாகவே கேட்டிருக்கிறீர்கள்!

மாவட்டத்துக் கல்லூரிகளின் பட்டியலை வாங்குங்கள். அரசு, உதவிபெறும், சுயநிதி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கல்லூரிக்குள் வகுப்பையும் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரையும் அப்படியே. ஒரே வகுப்பில் 40 பேரை அள்ள வேண்டாம். ஒரே விடுதி, ஒரே பேருந்து, ஒரே தேர்வு, அவர்கள் பழக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். வகுப்புக்கு ஆறேழு பேர், நிறைய வகுப்பு. அப்படி எடுத்தாலும் 384-க்கு மேல் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். வராதவர், மறுத்தவர் எத்தனை பேர் என்று தனி நோட்டில் எழுதுங்கள். அவருக்குப் பதில் பக்கத்து பெஞ்சில் சிரித்துக்கொண்டு இருக்கும் பிள்ளையைப் பிடிக்காதீர்கள்.

மருதாணி:

ஐயா, மிக்க நன்றி. ‘பள்ளமில்லாத மூலை’ படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அப்படியானால் அந்த 391-ஐத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வரப்புமேடு:

ஏன் போட வேண்டும்? முன்னோட்ட ஆய்வு என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதியதோடு மட்டும் கலக்காதீர்கள். எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எதற்கு எல்லோரும் ஒரே பதில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மருதாணி:

இப்போதுதான் பார்த்தேன். ஏழாவது கேள்வி: ‘இரவு 11 மணிக்குப் பிறகு கைபேசியில் எவ்வளவு நேரம்?’ விடுதி மாணவிகள் ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’. நல்ல பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். விடுதியில் ஒன்பதரைக்கே வார்டன் கைபேசியை வாங்கி வைத்துவிடுவாராம். என் 40 சோதனையில் ‘வந்த’ இரண்டில் ஒன்று விடுதிக்கும் இந்தக் கேள்விக்கும்தான்.