நெக்சானா, பிரெஸ்ஸாவா? பெங்களூரு நெரிசலுக்கும் வத்தலக்குண்டுப் பயணத்துக்கும் எது பொருந்தும்?

கேள்வி – ராமமூர்த்தி நகர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவரும் சிறிய காரை விற்றுவிட்டு, ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கியதில் டாடா நெக்சான் பெட்ரோலும் மாருதி பிரெஸ்ஸாவும் மட்டுமே மனத்தில் நிற்கின்றன. இரண்டில் எதுவானாலும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும். கே.ஆர்.புரம் தொங்குபாலத்திலிருந்து ஹூடி வரை தினமும் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்காலில் வலி தங்கிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்வதால் மெட்ரோ எனக்குக் கைகொடுக்கவில்லை.

நகருக்குள் தினமும் போக வர 30 கிலோமீட்டர் ஓடும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், கரூர் வழியாக வத்தலக்குண்டுக்குச் செல்வோம். நான், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. காலை ஓரளவுக்கு மேல் மடக்க முடியாது என்பதால் வண்டியில் ஏறி இறங்குவதே அவருக்குப் பெரிய வேலை.

பிரெஸ்ஸாவில் 1.5 லிட்டர் எஞ்சின் என்றாலும் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி இழுவையைக் கூட்டும் கருவி) கிடையாது, நெக்சானில் 1.2 லிட்டர்தான், ஆனால் டர்போ உண்டு. ஐந்து பேரும் சாமான்களுமாக மேடு ஏறும்போது எது திணறாமல் இழுக்கும்? ஒரே நீளமுள்ள இரண்டு வண்டிகளுக்கும் வரியில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டால் விற்பனையாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். மைலேஜ் பற்றியும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – ஓசூரில் வசிப்பவர், பணி எலெக்ட்ரானிக் சிட்டியில்

வரிக் கணக்கை மட்டும் நான் விளக்கிவிடுகிறேன். மற்றவற்றை ஓட்டுபவர்கள் சொல்லட்டும். இரண்டு வண்டிகளின் நீளமும் 3,995 மில்லிமீட்டர்தான். ஆனால் சிறிய கார் என்ற வரிச்சலுகை கிடைக்க நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்தால் மட்டும் போதாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். நெக்சானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி, பிரெஸ்ஸாவினுடையது 1,462 சிசி. எனவே 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் நெக்சானுக்கு 18 சதவீதமும் பிரெஸ்ஸாவுக்கு 40 சதவீதமும் விதிக்கப்படுகின்றன. அதற்கு முன்பு செஸ் எனப்படும் கூடுதல் வரியையும் சேர்த்து முறையே 29, 45 சதவீதமாக இருந்தன. அதாவது, குறைப்பின் பெரும்பகுதி நெக்சானுக்கே கிடைத்தது. பிரெஸ்ஸாவுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி வண்டிக்காக அல்ல, எஞ்சின் அளவுக்காகப் போகிறது.

இதற்கு மேல் கர்நாடகத்தின் வாழ்நாள் சாலை வரி இருக்கிறது. ஷோரூம் விலை பத்து லட்சத்துக்குள் இருந்தால் 14 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 17 சதவீதம். கூடுதல் தொகைக்கு மட்டுமல்லாமல் முழு விலைக்கும் உயர்ந்த விகிதமே பொருந்தும் என்பதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வதில்லை. 9.90 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி 1,38,600 ரூபாய் என்றால், 10.10 லட்சம் ரூபாய் வண்டிக்கு 1,71,700 ரூபாய். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் முப்பத்து மூவாயிரம் கூடுகிறது, செஸ் தனி. எனவே எந்த வேரியன்ட் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஊர் முகவரியில் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அங்கே பத்து லட்சத்துக்கு மேல் 18 சதவீதம் என்பதால் லாபமும் இல்லை. ஓராண்டுக்கு மேல் வண்டி பெங்களூரிலேயே ஓடினால் இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

பதில் 2 – மாரத்தஹள்ளியிலிருந்து, பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்

எஞ்சினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயன்பாட்டுக்கு அதைவிட முக்கியமானது கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி கிளட்ச்சை இயக்குகிறது. டூயல் கிளட்ச்சில் ஒற்றை எண் கியர்களுக்கும் இரட்டை எண் கியர்களுக்கும் தனித்தனிக் கிளட்ச் இருப்பதால் கியர் மாறுவதே தெரியாது. டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதனால் வண்டி நத்தை போல நகரும்போதும் உதறாது. பிரெஸ்ஸாவில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். நெக்சான் பெட்ரோலில் ஏஎம்டியும் உண்டு, ஏழு கியர் டூயல் கிளட்ச்சும் உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று ஏஎம்டி பக்கம் போய்விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

காரணத்தைச் சொல்கிறேன். இதற்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் ஏஎம்டி கார் வைத்திருந்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்திலிருந்து மேலே வரும் சரிவு செங்குத்தானது. மேலே வாயிற்கதவு திறக்கும்வரை பாதிச் சரிவில் காத்திருக்க வேண்டும். ஒரு மழை நாளில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் ஸ்கூட்டரில் நின்றிருந்த பெண் ஹாரனைக்கூட அழுத்தாமல் இரண்டு கைகளாலும் என் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை. சரிவில் வண்டி பின்னால் உருளாமல் சில நொடிகள் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு வசதி அந்த வண்டியில் இல்லை. நீங்கள் வாங்கும் வேரியன்டில் அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

மைலேஜைப் பொறுத்தவரை, சான்றளிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 19.8 கிலோமீட்டர். வெளிவட்டச் சாலை நெரிசலில் எனக்கு 11 கிடைக்கிறது; நெடுஞ்சாலையில் 90 வேகத்தைத் தாண்டாமல் சென்றால் 17 வரை வருகிறது. இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால், 11 கொடுக்கும் வண்டிக்கும் 10 கொடுக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 73 லிட்டர். லிட்டர் 103 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான்.

இன்னொன்று, தொப்பூர் மலைப்பாதை. ஊருக்குப் போகும்போது அது இறக்கம். லாரிகள் நியூட்ரலில் இறங்கி பிரேக் சூடாகிக் கட்டுப்பாட்டை இழக்கும் இடம் அது. ஆட்டோமேட்டிக் வண்டியை டி நிலையில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் நமக்கும் அதே நிலைதான். பிரெஸ்ஸாவில் ஸ்டீயரிங்கிலேயே கியரைக் குறைக்கும் துடுப்புகள் இருக்கின்றன. மூன்றாம் கியரில் வைத்தால் வண்டி தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு இறங்கும். இதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சாலையில் ஐந்து பேருடன் போகாதீர்கள்.

பதில் 3 – ஜெயநகரிலிருந்து, நெக்சான் டூயல் கிளட்ச் வைத்திருப்பவர்

மாரத்தஹள்ளி நண்பர் கியர்பாக்ஸைப் பற்றிச் சொன்னது சரி. திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஸ்ஸாவின் 137 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) முழுமையாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்றுகள் சுழலும்போதுதான். நெக்சானின் 170 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஆள் நிறைந்த வண்டியில் லாரியைத் தாண்டும்போது ஒன்று இரைந்து ஏறும், மற்றொன்று இரையாமல் ஏறும். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை. நெக்சானின் டிக்கி 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328. ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிவருபவர்களுக்கு இந்த ஐம்பது லிட்டர் சிறிய விஷயமல்ல.

ஆனால் நான் இதை வாங்கியது இழுவைக்காகவோ டிக்கிக்காகவோ அல்ல. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்சான்தான். விதிமுறைகள் கடுமையான பிறகு, 2024-இல் மறுபடியும் அங்கே ஐந்து நட்சத்திரம் பெற்றது; அதே ஆண்டு இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 29.41, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 43.83 புள்ளிகள் பெற்றது. பழைய விட்டாரா பிரெஸ்ஸா 2018-இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதுவும் மோசமான மதிப்பீடல்ல. அம்மா ஆண்டுக்கு ஆறு முறை இந்த வண்டியில் ஏறப்போகிறார். பிள்ளைகள் தினமும் ஏறப்போகிறார்கள். அந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

டீசலில் 260 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஹூடி வரை ஊர்ந்து செல்லும் ஓட்டத்துக்கு அது ஒத்துவராது; டிபிஎஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலை ஓட்டம் அடிக்கடி தேவை.

கேட்டவரின் மறுமொழி – ராமமூர்த்தி நகர் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அம்மாவையும் அழைத்துச் சென்று இரண்டிலும் ஏறி இறங்கச் சொன்னேன். பிரெஸ்ஸாவின் உயரம் 1,685 மில்லிமீட்டர், நெக்சான் 1,620; தாளில் படித்தபோது நான் பொருட்படுத்தாத இந்த ஆறரை சென்டிமீட்டர் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது. பிரெஸ்ஸாவின் பின்கதவு வழியாக முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே எடுத்து வைத்தார். தலை எங்கும் இடிக்கவில்லை. நெக்சானின் பின்கதவில் கழுத்தை வளைத்து நுழைய வேண்டியிருந்தது; நெற்றி கூரை விளிம்பை உரசியது. அத்துடன் முடிவு தெரிந்துவிட்டதென்றே நினைத்தேன்.

அம்மாதான், "முன்னாடி உட்கார்ந்து பாக்குறேன்பா" என்றார். இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளிய பிறகு நெக்சானின் முன்பக்கம் காலை நீட்டி வசதியாகவே உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளாக அவரைப் பின்னால் உட்கார வைத்தே பழகியதால் எனக்கு அது தோன்றவே இல்லை. மனைவி பிள்ளைகளுடன் பின்னால் உட்காரச் சம்மதித்துவிட்டார். எனவே நெக்சான் டூயல் கிளட்ச் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை டெஸ்ட் டிரைவ் வண்டியை எங்கள் குடியிருப்புக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து பேரும் ஏறி, அடித்தளச் சரிவின் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளப்பிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பேன்.